தெற்கு ஸ்பெயினுக்கு முதல் பயணமா? விசாவிலிருந்து வெள்ளைக் கிராமங்கள் வரை, எதை எப்போது செய்வது

தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாவுக்குக் கிளம்புகிறவர்களில் பலர் முதலில் விமான டிக்கெட் எடுக்கிறார்கள், பிறகு ஹோட்டல் போடுகிறார்கள், விசா வந்ததும் மூச்சு விடுகிறார்கள், கடைசி வாரத்தில் கிரனாடா ஊரின் அரண்மனைக் கோட்டையான அல்ஹம்ப்ராவுக்கு டிக்கெட் தேடுகிறார்கள். அப்போது அது கிடைக்காது. அத்தனை தூரம் போய் கிரனாடாவில் கோட்டைச் சுவரை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு வாரமும் உண்டு.

வரிசையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். எது அரிதோ அதை முதலில் பிடியுங்கள், எது எப்போதும் கிடைக்குமோ அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கீழே உள்ள படிகள் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. விலைகள் யூரோவில், கிட்டத்தட்ட. ஆண்டுக்கு ஒருமுறை கொஞ்சம் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

மார்ச் கடைசி முதல் மே வரை, செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் தொடக்கம் வரை: இந்த இரண்டில் ஒன்று. ஜூலை, ஆகஸ்டில் செவிலிலும் கொர்தோபாவிலும் மதிய வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சென்னை வெயில் பழகியவர்களுக்கு இது என்ன என்று தோன்றலாம். ஆனால் இங்கே நாள் முழுக்க நடை, அதுவும் கல் பாவிய தெருவில், நிழல் இல்லாத முற்றங்களில். மதியம் 3 முதல் 7 வரை அறையில்தான் கிடக்க வேண்டியிருக்கும். பகலில் அந்த நான்கு மணி நேரத்தை இழந்தால் திட்டம் முழுதும் சரியும்.

வசந்த காலத்தில் ஒரு பொறி உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் செவில், மாலகா, கிரனாடா எல்லாமே ஊர்வலங்களால் நிறைந்திருக்கும். அறை வாடகை இரண்டு மூன்று மடங்கு. மாலையில் தெருவைக் கடந்து உங்கள் ஹோட்டலுக்கே போக முடியாத நிலை வரும். ஊர்வலம் பார்க்கவே போகிறீர்கள் என்றால் அதைவிட நல்ல வாரம் கிடையாது. இல்லையென்றால் அதைத் தவிருங்கள். ஈஸ்டர் 2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28. அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து செவில் திருவிழா வாரம் வரும்; அப்போதும் இதே கதைதான். மே முதல் பாதியில் கொர்தோபாவில் வீட்டு முற்றங்களைத் திறந்து காட்டும் விழா. பூக்கள் கண்ணைப் பறிக்கும், கூட்டமும் அப்படியே. வாரநாள் காலையில் போனால் சமாளிக்கலாம்.

2. ஊர்களைக் குறையுங்கள்

வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ரயிலும் பஸ்ஸும் அப்படி ஓடுவதில்லை. ஒரு ஊரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நாளில் பாதி நாள் போய்விடும் என்று கணக்கு வையுங்கள். பத்து இரவு இருந்தால் சரியாக வரும் பங்கீடு: செவில் 3, கொர்தோபா 1, கிரனாடா 3, மாலகா 2, ரோந்தா 1. ஏழு இரவுதான் என்றால் ரோந்தாவை விட்டுவிடுங்கள், மாலகாவையும் கிரனாடாவையும் ஒவ்வொரு இரவு குறையுங்கள்.

கொர்தோபாவைப் பகல் பயணமாக முடித்துக்கொள்பவர்கள் அதிகம். முடியும்தான். ஆனால் ஒரு இரவு அங்கே தங்குகிறவருக்குத்தான் காலை எட்டரை மணிக்கு, மசூதியாக இருந்து தேவாலயமான மெஸ்கீத்தாவுக்குள் கூட்டமில்லாமல் நுழைய முடியும். அதன் காரணம் ஏழாவது படியில்.

சென்னையிலிருந்து ஸ்பெயினுக்கு நேரடி விமானம் இல்லை. தோஹா, துபாய், இஸ்தான்புல், ஐரோப்பிய நகரங்கள் ஏதாவது ஒன்றில் மாற வேண்டும். மாட்ரிட்டில் இறங்கி மாலகாவிலிருந்து திரும்புவதுபோல் எடுத்தால் வந்த வழியே திரும்பும் ஒரு நாள் மிஞ்சும். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுக்காமல் ஒரே முன்பதிவில் பல நகர வாய்ப்பைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள்.

3. அல்ஹம்ப்ரா டிக்கெட்: எல்லாவற்றுக்கும் முன்பு

இதுதான் உங்கள் பயணத்தின் அச்சாணி. அதிகாரப்பூர்வத் தளத்தில் ஓராண்டு முன்பிருந்தே விற்பனை நடக்கிறது. வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். பகல் பொதுச் சீட்டு 22 யூரோ அளவு. அதே சீட்டை இடைத்தரகர் தளங்கள் இரட்டிப்பு விலைக்கு விற்கும். தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் அவைதான். முகவரியில் அல்ஹம்ப்ரா-பத்ரோனாதோ என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்தபிறகு பணம் கட்டுங்கள்.

சீட்டு வகைகளில் கவனம். தோட்டங்களுக்கு மட்டும் ஒரு சீட்டு உண்டு. அதில் நஸ்ரிட் அரண்மனைகள் கிடையாது. சிங்க முற்றமும் தேன்கூடு போன்ற கூரைகளும் இருப்பது அந்த அரண்மனைகளுக்குள்தான். விலை குறைவாகத் தெரிகிறதே என்று அதை எடுத்துவிட்டு வாசலில் நிற்கிறவர்கள் ஏராளம். இரவுச் சீட்டு தனி. அதில் அரண்மனைகள் உண்டு, ஆனால் கோட்டையும் ஹெனெராலிஃபே தோட்டமும் இல்லை.

பொதுச் சீட்டில் நஸ்ரிட் அரண்மனைக்கு ஒரு நேரம் குறித்திருக்கும். அந்த அரை மணி நேரச் சாளரத்துக்குள் நுழைய வேண்டும். தவறினால் அரண்மனை போச்சு, பணமும் திரும்பாது. கோட்டை, தோட்டம் இரண்டையும் அதே நாளில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே முறை. தோட்டத்துப் பக்கப் பெரிய வாசலில் நுழைந்தால் அங்கிருந்து அரண்மனை வாசலுக்கு 15 முதல் 20 நிமிட நடை. நேரம் 10.30 என்று இருந்தால் 10.25-க்குப் பெரிய வாசலில் நின்று பயனில்லை. நீதி வாசல் என்ற பழைய கோட்டை வாயில் வழியாகவும் உள்ளே வரலாம். சீட்டு கையிலோ கைபேசியிலோ இருந்தால் அரண்மனைக்கு அதுதான் அருகில்.

பாஸ்போர்ட் எண்ணையும் பெயரையும் கொடுத்துத்தான் சீட்டு வாங்க முடியும். நுழையும்போது அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள், உள்ளே இன்னும் ஓரிரு இடங்களிலும் கேட்பார்கள். இதில் இரண்டு சங்கடம் வரும். ஒன்று, மற்ற நாட்களில் பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டுப் போகிற பழக்கத்தில் அன்றும் விட்டுவிட்டு வருவது. இன்னொன்று, சீட்டு வாங்கிய பிறகு பாஸ்போர்ட் புதுப்பித்து எண் மாறிவிடுவது. ஆகவே புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். குழந்தைகளுக்கும் தனிச் சீட்டு வேண்டும், இலவசமாக இருந்தாலும் கணக்கில் சேர்க்க வேண்டும். தள்ளுவண்டியை அரண்மனைக்குள் விடமாட்டார்கள். பெரிய முதுகுப் பையும் அப்படியே.

விசா வருவதற்கு முன்பே சீட்டு எடுக்கலாமா? எடுங்கள். விசா மறுத்தால் நஷ்டம் தலைக்கு 22 யூரோ. சீட்டு இல்லாமல் போய் நின்றால் நஷ்டம் அதைவிடப் பெரிது.

எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தால் மூன்று வழி. ரத்தாகும் சீட்டுகள் தளத்தில் திரும்ப வரும். காலையும் இரவும் பாருங்கள். இல்லையென்றால் அல்ஹம்ப்ரா நுழைவு உள்ளடங்கிய கிரனாடா நகர அட்டை. அதுவும் இல்லையென்றால் அனுமதி பெற்ற வழிகாட்டியோடு போகும் குழு. விலை கூடும், ஆனால் அவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது.

மேலே ஏற, இசபெல் லா கத்தோலிகா சதுக்கத்திலிருந்து சி30, சி32 எண் சிற்றுந்துகள் ஓடுகின்றன.

4. விசா

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் (ஸ்பெயின் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) குறுகியகால விசா கட்டாயம். சிங்கப்பூர், மலேசியா, கனடா, பிரிட்டன் பாஸ்போர்ட்டுக்கு வேண்டாம். பிரிட்டனில் வதிவிட அனுமதியோடு வாழும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு வேண்டும். லண்டனிலிருந்து மாலகாவுக்கு மலிவு விமானம் எடுத்துவிட்டு விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்காதவர்கள்தான்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். கடைசி எல்லை 15 நாள் முன்பு, அதை நம்பாதீர்கள். முடிவுக்குப் பொதுவாக 15 நாள், கூடுதல் விசாரணை வந்தால் 45 நாள் வரை போகும். உண்மையான தாமதம் அதற்கும் முன்னால், நேரம் முன்பதிவு செய்வதில். கோடை விடுமுறைக்கு முன் விண்ணப்ப மையத்தில் வாரக்கணக்கில் இடம் கிடைக்காது. புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே முயற்சியைத் தொடங்குங்கள். முன்பதிவு நேரத்தை வாங்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் முகவர்களிடம் போகாதீர்கள். கட்டணச் சீட்டில் அந்தத் தொகை எங்கும் வராது, திரும்பவும் கிடைக்காது. இந்தியாவில் ஸ்பெயினுக்கான விண்ணப்பங்களை பிஎல்எஸ் மையங்கள் வாங்குகின்றன. சென்னையிலும் மையம் உண்டு. மையம் வாங்கி அனுப்பும், முடிவெடுப்பது தூதரகம். ஆகவே கவுன்டரில் இருப்பவர் "பரவாயில்லை" என்று சொன்னதால் ஒரு தாளை விட்டுவிடாதீர்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, ஆறு வயதுக்குள் இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் கட்டணம் திரும்பாது.

கொண்டுபோக வேண்டியவை:

• பாஸ்போர்ட்: பத்து ஆண்டுக்குள் வழங்கியது, ஷெங்கனை விட்டுக் கிளம்பிய பிறகும் 3 மாதம் செல்லுபடியாவது, இரண்டு வெற்றுப் பக்கம். பழைய பாஸ்போர்ட்டுகளும்.
• கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவம், வெள்ளைப் பின்னணியில் சமீபத்திய புகைப்படம் இரண்டு.
• போக வர விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் தங்குமிட முன்பதிவு.
• நாள்வாரிப் பயணத் திட்டம், ஒரு பக்கக் கடிதம்.
• வங்கிக் கணக்கு அறிக்கை, வங்கியின் முத்திரையும் கையெழுத்தும் வைத்தது. சம்பளச் சீட்டுகள், வருமான வரி தாக்கல்.
• வேலையிடத்து விடுப்புக் கடிதம். சொந்தத் தொழில் என்றால் பதிவுச் சான்று, ஜிஎஸ்டி தாள்கள்.
• 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, ஷெங்கன் முழுதுக்கும், பயண நாட்கள் அத்தனைக்கும்.

பணக் கணக்கில் ஸ்பெயினுக்கென்று ஒரு விதி இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு அந்நாட்டுக் குறைந்தபட்ச மாத ஊதியத்தில் 10 சதவீதம் காட்ட வேண்டும். எத்தனை குறைந்த நாளானாலும் மொத்தம் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 2025-இல் அது நாளைக்கு 118.40 யூரோ, அடிமட்டம் 1,065.60 யூரோ. ஊதியம் ஏற ஏற இதுவும் ஏறும். நான்கு பேர் குடும்பத்துக்குப் பத்து நாள் என்றால் கணிசமான தொகை. கடைசி வாரத்தில் மொத்தமாகப் போட்டுக் காட்டும் பணம் சந்தேகத்தைத்தான் கிளப்பும். மூன்று மாதம் இயல்பாக ஓடிய கணக்கே பேசும்.

நிராகரிப்புக்கு அதிகம் காரணமாவது தாள்களுக்குள் இருக்கும் முரண்தான். விடுப்புக் கடிதத்தில் 10 நாள், காப்பீட்டில் 9 நாள், ஹோட்டலில் ஒரு இரவு விடுபட்டது, திட்டத்தில் கொர்தோபா இருக்கிறது முன்பதிவில் இல்லை. எல்லாத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு ஆவணத்தையும் அதோடு வைத்துச் சரிபாருங்கள். ஹோட்டல்களை ரத்து செய்யக்கூடிய வகையில் எடுங்கள். நண்பர் வீட்டில் தங்குவதென்றால் சாதாரணக் கடிதம் போதாது. அங்கே காவல் நிலையத்தில் அவர் பெற்றுத் தரும் அழைப்புக் கடிதம் வேண்டும். அதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

விசா கையில் வந்ததும் நுழைவு எண்ணிக்கையைப் பாருங்கள். 1 என்றிருந்தால் ஒரே நுழைவு. தாரிஃபாவிலிருந்து ஒரு மணி நேரத்தில் டாஞ்சியருக்குப் படகு போகிறது, மொராக்கோவை எட்டிப் பார்க்கலாம் என்று ஆசை வரும். ஷெங்கனை விட்டு வெளியேறிய அந்த நிமிடமே உங்கள் ஒற்றை நுழைவு முடிந்தது. திரும்ப ஸ்பெயினுக்குள் வர முடியாது, ஹோட்டலில் பெட்டி இருந்தாலும்.

5. ரயில், பஸ்

அதிவேக ரயிலில் மாட்ரிட்டிலிருந்து செவில் இரண்டரை மணி, கொர்தோபா ஒன்றே முக்கால் மணி அளவு. கொர்தோபா–செவில் 45 நிமிடம். கொர்தோபா–மாலகா ஒரு மணி நேரம். இந்தத் தடங்களில் அரசு நிறுவனமான ரென்ஃபேயோடு ஓய்கோ, இர்யோ என்ற போட்டி நிறுவனங்களின் ரயில்களும் ஓடுகின்றன. முன்கூட்டியே எடுத்தால் விலை பாதியாகும். மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மலிவுச் சீட்டில் தேதி மாற்றக் கட்டணம் கூடும், சிலவற்றில் மாற்றவே முடியாது.

ரென்ஃபே தளத்தில் வெளிநாட்டு அட்டைகள் அடிக்கடி முரண்டு பிடிக்கும். ஒரு அட்டை மறுத்தால் இன்னொன்று, தளம் மறுத்தால் செயலி, இரண்டும் மறுத்தால் ரயில் சீட்டு விற்கும் பிற செயலிகள். இந்திய அட்டை என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் இயக்கியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பாதி மறுப்புக்கு அதுதான் காரணம்.

சீட்டில் 'கோச்சே' என்றால் பெட்டி எண், 'பிளாசா' என்றால் இருக்கை எண். நடைமேடை எண்ணான 'வியா' கிளம்புவதற்குச் சற்று முன்புதான் பலகையில் வரும். அதிவேக ரயிலுக்குப் பெட்டிகளை ஸ்கேன் செய்து உள்ளே விடுவார்கள், கிளம்பும் நேரத்துக்குச் சில நிமிடம் முன்பே வாசலை மூடிவிடுவார்கள். நம் ஊர் நிலையத்தில் ஓடிப் பிடிக்கும் வித்தை இங்கே நடக்காது. அரை மணி முன்பே போய்விடுங்கள்.

நிலையப் பெயர்களில் இரண்டு பொறி. அந்தெகேரா–சாந்தா ஆனா நிலையம் அந்தெகேரா ஊரிலிருந்து வெகுதூரம், வயல்வெளிக்கு நடுவே இருக்கிறது. ஊருக்குள்ளேயே தனி நிலையம் உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். லினாரெஸ்–பாயேசா நிலையமும் பாயேசா ஊரில் இல்லை. உபேதா, பாயேசா போக நினைப்பவர்களுக்குக் கிரனாடாவிலிருந்து பஸ்தான் நல்லது.

கிரனாடா–செவில் பஸ்ஸில் மூன்று மணி நேரம். கிரனாடா–மாலகா ஒன்றரை முதல் இரண்டு மணி. இந்தத் தடங்களில் அல்சா நிறுவனத்துப் பஸ்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. ரயிலைவிட மலிவு, சில நேரம் வசதியும்கூட. செவிலில் பிளாசா தே ஆர்மாஸ், பிராதோ தே சான் செபாஸ்தியான் என்று இரண்டு பஸ் நிலையங்கள் இருக்கின்றன. சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ரோந்தாவுக்கு மாலகாவிலிருந்து பஸ் இரண்டு மணி நேரம் அளவு. அங்கிருந்து செவிலுக்கு நேரடி ரயில் கிடையாது, பஸ்தான். மாலகா விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் டாக்சி வேண்டாம். சி1 புறநகர் ரயில் 12 நிமிடத்தில் மத்திய நிலையத்தில் விடும்.

6. வெள்ளைக் கிராமங்களும் வாடகைக் காரும்

ஆர்கோஸ், ஸாஹாரா, கிராஸலேமா, ஸெதெனில், ஒல்வேரா: சுண்ணாம்பு அடித்த இந்த மலையூர்களுக்காகவே பலர் தெற்கே வருகிறார்கள். பஸ் உண்டு, ஆனால் நாளைக்கு ஒன்றிரண்டு. கால அட்டவணையில் 'லபோராப்லெஸ்' என்றிருந்தால் வேலை நாட்கள், 'ஃபெஸ்திவோஸ்' என்றிருந்தால் ஞாயிறும் விடுமுறையும், 'லெக்திவோஸ்' என்றிருந்தால் பள்ளி நடக்கும் நாட்கள் மட்டும். கடைசிச் சொல்லைக் கவனிக்காமல் கோடை விடுமுறையில் வராத பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் உண்டு.

காருக்கு இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துச் செல்லுங்கள். பரிவாஹன் தளத்தில் படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். பிணைத்தொகைக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டையும் மனைவி அல்லது கணவரின் அட்டையையும் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் முன்பே குறிப்பிட்டு எடுங்கள். வலப்பக்கம் ஓட்டிக்கொண்டு மலைச்சாலையில் இடக்கையால் ஸ்டீரிங், வலக்கையால் கியர் என்பது முதல் நாளில் கடினம். 'நிரப்பி எடுத்து நிரப்பித் திருப்பு' என்ற எரிபொருள் முறையே லாபம். எடுக்கும்போது நான்கு பக்கமும், சக்கர விளிம்புகளையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கிராமத்துக்குள் காரைக் கொண்டுபோகாதீர்கள். தெருக்கள் இரண்டு கண்ணாடியையும் மடக்கினாலும் உரசும் அகலம். கீழே ஊர் நுழைவில் நிறுத்திவிட்டு ஏறி நடங்கள். ஸெதெனிலில் பாறைக்கு அடியில் வீடுகளும் கடைகளும் இருக்கும் தெருக்கள் இரண்டும் காலை பத்துக்குள் பார்க்க வேண்டியவை. அதற்குப் பிறகு சுற்றுலாப் பஸ்கள் வந்துவிடும். செவில், கொர்தோபா, கிரனாடா நகரங்களின் பழைய பகுதிகளில் அனுமதி பெறாத வண்டி நுழைந்தால் கேமரா பிடித்து அபராதம் அனுப்பும். வாடகை நிறுவனம் அதன்மேல் தன் கட்டணத்தையும் போடும். பெரிய நகரத்துக்குக் காரே வேண்டாம். மாலகாவில் எடுத்து, கிராமங்களைச் சுற்றி, செவிலில் நுழையும் முன் திருப்பிக் கொடுங்கள்.

நடக்கப் பிடித்தவர்கள் மாலகாவுக்கு வடக்கே காமினிதோ தெல் ரேயைச் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளத்தாக்குச் சுவரில் பொருத்திய மரப்பாதை, மொத்த நடை சுமார் 7.7 கிலோமீட்டர், ஒருவழி. நுழைவு 10 யூரோ, முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வரும் பஸ் தனி. திங்கள் விடுமுறை. எட்டு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. பலத்த காற்றில் மூடிவிடுவார்கள், எனவே இதைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள்.

7. செவில், கொர்தோபா நுழைவுகள்

செவிலில் அல்காசார் அரண்மனை 15.50 யூரோ அளவு, நேரம் குறித்த சீட்டு. இரண்டு வாரம் முன்பே எடுத்தால் போதும். காலை முதல் நேரத்தைப் பிடியுங்கள். திங்கட்கிழமை கடைசி நேரத்தில் இலவச நுழைவு உண்டு, அதற்கும் இணையத்தில் பதிய வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடும். தேவாலயச் சீட்டில் ஹிரால்தா கோபுரமும் சேரும். கோபுரத்தில் பெரும்பகுதி படிக்கட்டு இல்லை, சாய்தளம்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் மெதுவாக ஏறிவிடலாம். எஸ்பான்யா சதுக்கம் இலவசம்.

கொர்தோபா மெஸ்கீத்தாவுக்குப் பகலில் 13 யூரோவும் மேலும். திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 9.30 வரை இலவசம். அந்த நேரத்தில் குழுக்கள் இல்லை, பேச்சுச் சத்தம் இல்லை. சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் வளைவுகள், 850-க்கும் மேற்பட்ட தூண்கள். நடுவில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை முடியாது. பணம் மிச்சம் என்பதற்காக அல்ல, அந்த அமைதிக்காகவே போக வேண்டும். 9.30 நெருங்கும்போது வெளியே அனுப்பிவிடுவார்கள். ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தில் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். தொப்பியைக் கழற்றச் சொல்வார்கள்.

மெதினா ஆஸாஹாரா என்ற பழைய அரண்மனை நகரத்தின் இடிபாடுகள் ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டர். திங்கள் விடுமுறை. கொர்தோபாவின் அல்காசாரும் திங்களன்று மூடியிருக்கும். ஆகவே கொர்தோபாவுக்குத் திங்களை ஒதுக்காதீர்கள்.

8. தங்குமிடம்

ஸ்பெயினில் விடுதிகள் எல்லா விருந்தினரின் விவரங்களையும் பதிந்து அரசுக்கு அனுப்புவது சட்டம். பாஸ்போர்ட், வீட்டு முகவரி, தொலைபேசி எண், உறவுமுறை வரை கேட்பார்கள். பயப்பட வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட்டைக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கிரனாடாவில் அல்பாய்சின் மலைச்சரிவில் அறை எடுத்தால் காட்சி அற்புதம். சக்கரப் பெட்டியை கூழாங்கல் படிகளில் இழுத்துப் போக வேண்டும், பல சந்துகளுக்குள் டாக்சி வராது. வயதானவர்கள் உடன் வந்தால் கீழே பெரிய சாலைக்குப் பக்கத்தில் எடுங்கள். கிரனாடா சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் இரவிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

9. சாப்பாடு

நேரம்தான் முதல் சிக்கல். மதிய உணவு 2 முதல் 4, இரவு உணவு 9-க்கு மேல். நாலரை மணிக்குப் பசித்தால் சமையலறை மூடியிருக்கும். சிற்றூர்களில் கடைகளும் மதியம் 2 முதல் 5 வரை மூடும்; ஞாயிறு முழுதும் மூடும். சனிக்கிழமை மாலையே பழம், ரொட்டி, தண்ணீர் வாங்கி வையுங்கள். வாரநாள் மதியம் 'மெனு தெல் தியா' என்று கேளுங்கள்: இரண்டு பதார்த்தம், ரொட்டி, பானம், பெரும்பாலும் இனிப்பும் சேர்த்து 12 முதல் 16 யூரோ. கிரனாடாவில் பானம் வாங்கினால் ஒரு தாபாஸ் தட்டு இலவசமாக வரும். செவிலிலும் மாலகாவிலும் காசு உண்டு.

சைவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். 'கார்னே வேண்டாம்' என்று சொன்னால் போதாது. பலர் அதை மாட்டு, பன்றி இறைச்சித் துண்டு என்று மட்டும் எடுத்துக்கொள்வார்கள். கோழியும், பன்றித் தொடைச் சீவலான ஹமோனும், டூனா மீனும் தட்டில் வந்துவிடும். ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் ('ஸின்' என்றால் இல்லாமல்): ஸின் கார்னே (இறைச்சி), ஸின் ஹமோன், ஸின் போயோ (கோழி), ஸின் பெஸ்காதோ (மீன்), ஸின் அதூன் (டூனா). முட்டையும் வேண்டாமென்றால் ஸின் வேவோ. கடையில் காய்கறி சாண்ட்விச் என்று எழுதியிருப்பதில் டூனாவும் முட்டையும் இருப்பது வழக்கம். கலப்பு சாலட்டின் மேலும் டூனா வரும். தக்காளிக் குளிர் சூப்பான சால்மொரெஹோவின் மேல் ஹமோனும் முட்டையும் தூவுவார்கள். தூவாமல் கேட்டால் தருவார்கள்.

நம்பிக் கேட்கக்கூடியவை: காலையில் தொஸ்தாதா, தக்காளி விழுதும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிய வறுத்த ரொட்டி. காய்கறிக் குளிர் சூப்பான காஸ்பாச்சோ. பாதாமும் பூண்டும் அரைத்த குளிர் சூப்பான அஹோப்லாங்கோ, திராட்சையோடு வரும். செவிலில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சீரகத்தோடு சமைத்த எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ், நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். கொர்தோபாவில் கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல். ஆனால் மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரித்திருக்கலாம், அதைப் பொருட்படுத்துபவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். முட்டை சாப்பிடுபவர்களுக்கு எங்கும் உருளைக்கிழங்கு ஆம்லெட் இருக்கிறது.

குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர உணவகங்களுக்குச் சட்டம் இருக்கிறது. 'ஆகுவா தெல் கிரிஃபோ' என்று கேளுங்கள். கேட்காமல் வைக்கும் ரொட்டிக்குக் காசு போடலாம். வெளி மேசைக்கு விலை கொஞ்சம் கூடலாம். பில் தானாக வராது. 'லா குவென்தா, போர் ஃபாவோர்' என்று கேட்டால்தான் வரும்.

10. பணமும் பையும்

அட்டை கிட்டத்தட்ட எங்கும் செல்லும். ஆனாலும் 100 யூரோ சில்லறை நோட்டாக வைத்திருங்கள். ஏடிஎம்மோ கடை இயந்திரமோ ரூபாயில் செலுத்தவா, யூரோவில் செலுத்தவா என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதத்தில் நல்ல துண்டு விழும்.

செவில் தேவாலயத்தைச் சுற்றியும் கிரனாடா தேவாலயத்தருகிலும் சிலர் ரோஸ்மேரிக் கொத்தைக் கையில் திணிப்பார்கள். வாங்கினால் கைரேகை பார்ப்பார்கள், பிறகு பணம் கேட்டு விடமாட்டார்கள். கையை நீட்டாமல் நடந்துகொண்டே இருங்கள். கைபேசியை உணவக மேசையில் வைக்காதீர்கள். அவசர எண் 112. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல்துறைப் புகார் நகல், அதைக் கொண்டுதான் தூதரகம் அவசரச் சான்று தரும். பாஸ்போர்ட், விசா, காப்பீடு மூன்றின் படத்தையும் மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் வாங்கும் பொருட்களுக்கு வரி திரும்பக் கிடைக்கும், ஸ்பெயினில் இதற்குக் குறைந்தபட்சத் தொகை கிடையாது. கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி 'தீவா' படிவம் கேளுங்கள், பிறகு கேட்டால் தரமாட்டார்கள். வளைகுடா வழியாகத் திரும்புபவர்கள் மாட்ரிட் அல்லது மாலகா விமான நிலையத்திலேயே, பெட்டியை ஒப்படைக்கும் முன், தீவா இயந்திரத்தில் அதை ஸ்கேன் செய்துவிடுங்கள். ஆலிவ் எண்ணெய் வாங்கியிருந்தால் கண்ணாடி புட்டியைவிடத் தகர டப்பா நல்லது, அதைப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.